தயிர்ச்சட்டியோடு போகாதீர்கள்

கேள்வி: மச்சான் குடிக்கிறார். அவருடைய கடனைக் கட்டுவதும், வேலைத்தலத்துக்கு "அவருக்குக் காய்ச்சல்" என்று போன் எடுப்பதும் அக்காதான். இதைக் 'கோடிபெண்டன்சி' என்கிறார்கள். மட்டக்களப்பில் நல்ல ஆலோசனை சொல்லும் ஒருவர் கிடைப்பாரா? அக்காவை நானே கூட்டிப்போகிறேன்.
- ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: கோடிப் பெண்டுகளின் கதையை ஒரே சொல்லில் அடக்கிய அமெரிக்கருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். இணைசார்பு, சகசார்பு என்று நம்மவர்கள் ஆளுக்கொன்றைச் செய்து அடிபடுவதைவிட இது மேல். தன்னை மறந்து இன்னொருவரின் சிக்கலையே சுமந்து திரியும் பழக்கத்துக்கு, குடிநோய்க்கு வைத்தியம் பார்த்தவர்கள் குடிப்பவரின் வீட்டாரைப் பார்த்து வைத்த பெயர் அது. அமெரிக்க மனநல வைத்தியர்களின் நோய்ப்பட்டியலில் இல்லை. எனவே அந்தப் பெயரில் எங்கும் பலகை தொங்காது. "குடிப்பவரின் மனைவி, நித்திரை இல்லை, 'முடியாது' என்று சொல்ல வாய் வருவதில்லை" என்றால் போதும், புரியும்.

ஆனால் 'ஆலோசனை' என்றீர்களே! அதற்கு நம்மூரில் என்ன பஞ்சம்? களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறிக் கல்லடிப் பாலம் தாண்டுமுன் ஏழு பேர் இலவசமாகச் சொல்லிவிடுவார்கள். அக்கா அதையெல்லாம் கேட்டுத்தான் இந்த நிலையில் நிற்கிறா. கவுன்சிலிங்குக்கு 'உளவளத்துணை' என்ற அருமையான சொல் நம் நாட்டில் புழங்கும்போது 'ஆலோசகர்' என்று பலகை போடுகிறவர்களோடு எனக்குப் பழைய வழக்கு. முதல் பத்து நிமிடத்தில் "விட்டுப்போட்டு வாங்க" என்றோ "பொறுத்துப் போங்க" என்றோ சொல்பவரிடம் மறுபடி போகவேண்டாம்.

எங்கே விட்டுப்போட்டு வருவது? இங்கே பெரும்பாலும் வீடு பெண்ணின் பேரில், பக்கத்து வளவில் தாய். மருமகன் வாசலில் விழுந்தால் தூக்கிக் கிடத்துகிறவர் மாமி. சிக்கல் இருவருக்குள் இல்லை, மூவருக்குள். நீங்கள் நாலாவது. "வீடு யார் பேரில்?" என்று கேட்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள், காசு இல்லை. அவர் சொந்தக்காரராக இருந்தால் (இருப்பார்) பக்கத்துப் பிரிவில் விசாரியுங்கள். சாக நினைப்பு வந்தால் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவு; நடுச்சாமமென்றால் 1926 என்ற உளநல உதவித் தொலைபேசி. அடி விழும் வீடென்றால் இருவரையும் ஒன்றாக இருத்திப் பேச ஒப்பவே கூடாது. அறையில் சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி கிடைக்கும். அதற்கு 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளையும் கேட்கலாம். நாள் தவறாமல் நிறையக் குடிக்கிறவரை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். வலிப்பு வந்து உயிரே போகலாம். அது வைத்தியசாலை வேலை.

போகுமுன் மூன்றைக் கேட்கவேண்டும்: என்ன படித்தீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வை செய்வது யார், குடிப்பவரின் வீட்டாரோடு பழக்கம் உண்டா. கிழமைக்கு ஒருமுறை, 45 முதல் 50 நிமிடம். ஆறு தடவைக்குப் பின் பலனைப் பார்க்கலாம். முதல் வீட்டுவேலை பெரும்பாலும் சின்னதாக இருக்கும்: வரும் திங்கட்கிழமை அந்தக் காய்ச்சல் போனை எடுக்காமல் இருப்பது. வீட்டில் சத்தம் முதலில் கூடும், பிறகுதான் குறையும். பலர் கைவிடுவது அந்த இரண்டாம் கிழமையில்தான்.

இன்னொன்று. எல்லாரையும் கவனித்தே பழகியவர் உளவளத்துணையாளரையும் கவனிக்கத் தொடங்குவார். மூன்றாம் நாள் எருமைத் தயிர்ச் சட்டியோடு போவார். "சாப்பிட்டீங்களா, முகம் வாடிக் கிடக்கு" என்பார். தனக்குத் தோதில்லாத நேரத்துக்கும் "ஓம்" என்பார். அவர் மனம் நோகுமே என்று "இப்ப நல்லாருக்கு" என்று பொய்யும் சொல்வார். கெட்டிக்காரத் துணையாளர் சட்டியை மேசையில் வைத்துவிட்டு, "இதைக் கொண்டுவராவிட்டால் என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்?" என்று கேட்பார். அன்றுதான் வேலை தொடங்குகிறது. நன்றி சொல்லித் தயிரைச் சோற்றில் ஊற்றுகிறவர் இன்னொரு மச்சான்.

அப்புறம், "நானே கூட்டிப்போகிறேன்" என்றீர்கள். வேண்டாம். இலக்கத்தை எழுதி அக்காவின் கையில் கொடுத்துவிட்டு உங்கள் வீட்டுக்குப் போங்கள். போனை அவவே எடுக்கட்டும்.