ஜெர்மனியில மோசல் ஆத்தங்கரையில ரீஸ்லிங்ங்கற வெள்ளை வைன் திராட்சை மட்டும்தான் வளருமா? அந்த வைன் எல்லாம் வெறும் சர்க்கரைத் தண்ணிதானே?

சூப்பர்மார்க்கெட்ல இருக்கறதுலயே சீப்பான பாட்டில எடுத்துட்டு வந்து ஏமாந்திருக்கீங்கன்னு நினைக்கிறேன், நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். லேபிள்ல 'ட்ரோக்கன்'னு போட்டிருந்தா இனிப்பு அவ்வளவா இருக்காது. போடலைன்னா ஆல்கஹாலைப் பாருங்க, 8 சதவீதம்னா சர்க்கரை முழுசா புளிக்காம மிச்சம் நிக்குதுன்னு அர்த்தம்.

நான் எக்ஸ்பர்ட்லாம் கிடையாது, குடிக்கச் சொல்லி பிரச்சாரமும் பண்ணல, கமெண்ட்ல வந்து கலாச்சாரம்னு ஆரம்பிக்காதீங்க. மோசல் கரையில இருக்கற ட்ரியர் ஊர்ல படிச்சப்போ கைச்செலவுக்காக ரெண்டு வருஷம் திராட்சை பறிக்கப் போனேன், அவ்ளோதான் என் தகுதி.

ப்ரெம்ங்கற ஊர்ல கால்மோன்ட்னு ஒரு திராட்சை மலை, சில இடத்துல 65 டிகிரி சரிவு. நான் பறிச்ச தோட்டம் அந்த அளவுக்கெல்லாம் இல்ல, அதுக்கே முதல் நாள் பாதி நேரம் உக்காந்து சறுக்கிட்டேதான் இருந்தேன். தரை முழுக்க சிலேட்டுச் சில்லு, நாம ஒண்ணாங்கிளாஸ்ல எழுதினோமே அதே கல்லு, பகல்ல வெயில உள்ள வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி சூட்டை விடும், அதான் அந்தக் குளிர்லயும் லேட்டா பழுக்கற ரீஸ்லிங் அங்க தேறுது. நான் பூஞ்சை புடிச்சு சுருங்கின கொத்தையெல்லாம் அழுகல்னு கீழ வீசிட்டிருந்தேன், தோட்டக்காரப் பெரியவர் பாத்துட்டு ஒண்ணும் திட்டல, குனிஞ்சு ஒவ்வொண்ணா பொறுக்கித் தனி வாளியில போட்டாரு. தண்ணி வத்தி சர்க்கரை கெட்டியான அந்தப் பழத்துலதான் அவர்கிட்ட இருக்கறதுலயே விலை கூடின வைன் வருதாம், அதுவும் இனிப்பு வைன்தான்! அதனால இனிப்புன்னாலே மட்டம்னு யாராவது சொன்னா எனக்குச் சுருக்குனு ஏறும்.

ரீஸ்லிங் மட்டும்தானான்னா, இல்ல. ட்ரியரைத் தாண்டி ஆத்து ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமா லக்சம்பர்க் எல்லைக்குப் போனா சிலேட்டு போய் சுண்ணாம்புக்கல் வந்துடும், அங்க எல்ப்ளிங்னு பழைய ரகம், புளிப்பு தூக்கலா இருக்கும், நுரை வைனுக்கு நிறைய போகும். ம்யூலர்-துர்காவ்னு இன்னொரு ரகமும் உண்டு, சீக்கிரம் பழுக்கும், எனக்குப் பெருசா புடிக்கல.

கடைசி நாள் பெரியவர் அந்த மாதிரி வாளிச் சரக்குல முன்ன ஒரு வருஷம் போட்ட வைன்ல சின்ன பாட்டில் ஒண்ணு குடுத்தாரு. நல்ல பேர் வாங்கலாம்னு அதை நான் வாடகைக்கு இருந்த வீட்டு ஓனருக்குக் குடுத்தேன். வீட்டைக் காலி பண்ணும்போது கிச்சன் சுவர்ல மசாலா வாடைன்னு டெபாசிட்ல பாதிய புடிச்சுக்கிட்டாரு மனுஷன். காசு கூடப் போகட்டும், அந்த பாட்டில நான் ஒரு வாய் கூட குடிச்சுப் பாக்கல.