ஆரல் சாப்பிட மறுக்கிறதா? தொட்டியின் தரையைப் பாருங்கள்

கொளத்தூரில் வாங்கிய ‘ஸ்பைனி ஈல்’ மீன் பத்து நாளாகப் பட்டினி கிடக்கிறது என்று பெரம்பூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டடித் தொட்டி, அடியில் வண்ணக் கல், காலையில் குச்சித் தீனி.

இது நம் ஏரி, கால்வாய்களில் கிடைக்கும் ஆரலின் இனம்தான். பகலெல்லாம் மணலுக்குள் புதைந்துகிடந்து, இருட்டிய பிறகு புழு தேடி வரும். உங்கள் தொட்டியில் அதற்குப் புதையவே இடமில்லை. கல்லுக்குள் நுழையப் பார்த்தால் தோல் உரசிப் புண்ணாகும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். கல்லை எடுத்துவிட்டு, நன்றாகச் சலித்துக் கழுவிய ஆற்று மணலை மூன்று அங்குலம் போடுங்கள். எம்-சாண்ட் கூர்மையானது, வேண்டாம். கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சலும் இருக்கும், அதுவும் வேண்டாம்.

தீனியை விளக்கணைத்து அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள். குச்சித் தீனியை இது பெரும்பாலும் தொடாது. உரம் போடாத மண்ணில் எடுத்த சின்ன மண்புழுவைக் கழுவி, அதன் மறைவிடத்துக்குப் பக்கத்தில் விடுங்கள். மணலிலிருந்து முதலில் மூக்கு நீளும். நுனியில் குழாய் மாதிரி இரண்டு நாசித் துளைகள். அது இப்படியும் அப்படியும் துழாவும், சட்டென்று புழு உள்ளே போய்விடும். உறைந்த ரத்தப்புழுவும் நல்லது. சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழு நோயைக் கொண்டுவரும், தவிர்த்துவிடுங்கள்.

எந்த வகை என்று கடையில் கேட்டீர்களா? முதுகுத் துடுப்பில் கண் போன்ற புள்ளிகள் உள்ள மயில் ஆரல் ஒரு அடிக்குள் நிற்கும். அதற்கும் மூன்றடித் தொட்டிதான் வசதி. டயர் தடம் போல உடம்பெல்லாம் வரி ஓடுவதும், சிவப்புக் கோடு போட்ட ‘ஃபயர் ஈல்’லும் இரண்டடியைத் தாண்டி வளரும். வீட்டுத் தொட்டிக்கு அவை வேண்டாம் என்பேன். கப்பி, நியான் போன்ற பொடி மீன்களை எந்த ஆரலோடும் சேர்க்காதீர்கள், விழுங்கிவிடும்.

மூடி மிக முக்கியம். ஃபில்டர் குழாய்க்காக நான் விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளியில் ஒரு ஆரல் வெளியேறி, காலையில் செருப்பு ஸ்டாண்டுக்கடியில் காய்ந்து கிடந்தது. இன்றும் மனசு கேட்பதில்லை. குழாயைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிடுங்கள்.

மருந்து ஊற்றும்போதும் கவனம். செதில் மிகச் சிறியது என்பதால் தாமிரம் கலந்த மருந்தை இது தாங்காது. வாங்குவதற்கு முன், ஆரலுக்கு என்று கடையில் சொல்லிவிடுங்கள்.