கடைசி வரை பார்ப்போம் என்றால், ராத்திரி யார் பார்ப்பது?

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஒரு தோட்டத்தில் வள்ளலாரின் சன்மார்க்க வழியில் நடக்கும் அன்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து வாழ்கிறோம். தினமும் காலையில் ஊருக்குக் கஞ்சி வார்க்கிறோம். ஐந்து பேருக்கு எழுபது தாண்டிவிட்டது. அதில் ஒரு ஐயா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். யாரையும் வெளியே அனுப்புவதில்லை என்பது எங்கள் வாக்கு. மற்ற மூன்று பேரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: படுத்தவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஒரு நாளில் 12 தடவை, ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு ஆள். மூவரில் இருவர் விழித்திருந்தால், ஒருவருக்கு மூன்று ராத்திரிக்கு ஒன்றுதான் தூக்கம். விடிந்தால் கஞ்சி அடுப்பு வேறு. எத்தனை பக்தி இருந்தாலும் இது சில வாரங்களில் முறியும். பிறகு எரிச்சல் படுத்திருப்பவர் மேல்தான் விழும்.

ஆகவே முதலில் அடுப்பை ஊராரிடம் ஒப்படையுங்கள். மனசுக்குச் சங்கடம்தான். வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலை அடுப்பு 1867 முதல் அணையாமல் இருப்பதும் ஆள் மாறி ஆள் பார்ப்பதால்தானே? ஆள் கிடைக்காவிட்டால் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறையுங்கள். மிச்சமாகும் பணத்தில் ராத்திரிக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள்.

ஐயாவை இழுத்து நகர்த்தாதீர்கள், தோல் உரியும். அடியில் மடித்த போர்வையைப் போட்டு, இருவரும் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். இடுப்பு, குதிகால், பின்பக்கம் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. ஏர் பெட் வாங்கினாலும் திருப்புவதை நிறுத்த முடியாது. நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையம் வேண்டாம்; சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அது தடுக்கும்.

நீங்கள் வார்க்கும் அதே கஞ்சி ஐயாவுக்கு ஆபத்தாகலாம். பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி குறையலாம். தண்ணீராக இருப்பது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். கெட்டியாக, ஸ்பூனில், நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். இருமினாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

பிசியோதெரபிக்கும் வலி குறைக்கும் சிகிச்சைக்கும் வீட்டுக்கே வர, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பெயர் கொடுங்கள். முதியோர் உதவி எண் 14567.

நடமாடும் நால்வருக்குக் குளியலறைக் கைப்பிடி, ராத்திரி விளக்கு, வெஸ்டர்ன் டாய்லெட் இப்போதே தேவை. இன்னொருவர் இடுப்பு எலும்பு முறிந்து படுத்தால் உங்கள் ஏற்பாடு மொத்தமும் சரியும்.

காகித வேலையைப் பலரும் தள்ளிப்போடுவார்கள். தோட்டம் ஓர் அன்பர் பெயரில் இருந்தால், அவருக்குப் பின் அது வாரிசுகளுக்குப் போகும், டிரஸ்டுக்கு மாற்றுங்கள். உயில் என்றால் இரண்டு சாட்சிகள், பலன் பெறாதவர்களாக இருக்கட்டும். கடைசிக் கட்டத்தில் வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) வேண்டுமா என்பதை ஒவ்வொருவரும் எழுதி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்திடலாம்; 2023 முதல் உச்ச நீதிமன்றம் இதை எளிமையாக்கியிருக்கிறது.

வள்ளலார் சொன்னபடி அடக்கம்தான் செய்வீர்கள். உறவினர்கள் கடைசி நேரத்தில் வந்து எரிக்கவேண்டும் என்பார்கள். ஐயா பேசும் நிலையில் இருக்கும்போதே அவர்களை வரவழைத்து, அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். தோட்டத்திலேயே அடக்கம் செய்வதற்கு உங்கள் சொந்த நிலம் என்பது போதாது, அனுமதி வேண்டும். பஞ்சாயத்தில் இப்போதே விசாரியுங்கள்.