கொடுத்தவருக்கே தெரியாத லஞ்சம்

கேள்வி: அரசு அலுவலகத்தில் லஞ்சம் என்றால் ஆளாளுக்குப் பேசுகிறோம். மருத்துவத்தில் நடக்கும் ஊழலை மட்டும் யாரும் வாய் திறந்து பேசுவதில்லையே, ஏன்? டாக்டர்கள் மேல் அவ்வளவு பயமா?

பதில்: பயமும் உண்டு. நாளைக்கு அதே கையிடம்தானே போய் நாடி பிடிக்கக் கொடுக்க வேண்டும்! ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு. அலுவலகத்தில் லஞ்சம் கொடுத்தவருக்குத் தான் கொடுத்தது தெரியும்; வயிறெரிந்து நாலு பேரிடம் சொல்வார். ஸ்கேன் எடுத்தவருக்கு அப்படியா? கட்டிய பணத்தில் ஒரு பங்கு, எழுதிக் கொடுத்தவருக்கே கமிஷனாகத் திரும்பியது அவருக்கு எங்கே தெரியப் போகிறது? கையில் முறையான ரசீது இருக்கிறது. ரிப்போர்ட்டில் 'ஒன்றுமில்லை' என்று வந்தால் சாமிக்கு நன்றி வேறு சொல்வார். அந்த ஸ்கேன் தேவையே இல்லை என்பதைச் சொல்லக்கூடியவர், அதை எழுதித் தந்தவர்தான்.

மருந்திலும் இதே கதை. தன் மருந்துகளை எழுத வைக்க, 'சொற்பொழிவுக் கட்டணம்' என்ற பெயரில் டாக்டர்களுக்குப் பணமும் ஆடம்பர விருந்தும் கொடுத்ததாக வந்த வழக்கில், நோவார்ட்டிஸ் நிறுவனம் 2020இல் அமெரிக்காவில் 60 கோடி டாலருக்கு மேல் கட்டி முடித்துக்கொண்டது. அந்தச் சொற்பொழிவுக் கூட்டங்கள் பலவற்றில் மருந்தைப் பற்றிய பேச்சே பெயருக்குத்தான். இதை வெளியே கொண்டுவந்தது யார்? அந்த மாத்திரையை விழுங்கிய நோயாளி அல்ல. அதே நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர்.

அப்படியானால் உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், இல்லையா? தெரியும். பெரு நாட்டின் சுகாதார அமைச்சராக இருந்த பத்ரீசியா கார்சியா, 2019இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இதை ஊரறிந்த ரகசியம் என்றே எழுதினார். கமிஷன் வாங்காத டாக்டர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் வாங்குகிற சக டாக்டரைக் காட்டிக் கொடுத்தால், அப்புறம் இவர்களுக்கு யார் நோயாளியை அனுப்புவார்கள்?

சரி, நாம் மட்டும் என்ன? "நல்ல டாக்டர்ப்பா, எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துட்டார்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் யார்? டெஸ்ட் எழுதாமல், "ரெண்டு நாள் ஓய்வெடுங்க, சரியாகிடும்" என்று அனுப்பிய டாக்டரை நம்பாமல் அடுத்தவரிடம் ஓடுபவர்கள் யார்?

பத்திரிகைகளை விட்டுவிட்டீர்களே என்று கேட்காமல் விட்டதற்கு நன்றி. இந்தப் பதிலுக்கு எதிர்ப்பக்கத்தில் மருத்துவமனை விளம்பரம் இருந்தால், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.