ஜெனரிக் மாத்திரையை நம்பலாமா? மருந்தாளுநரிடம் சில கேள்விகள்

அப்பாவுக்குக் கொடுக்குற சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் மக்கள் மருந்தகத்துல ரொம்ப மலிவா கிடைக்குது. கம்பெனி மருந்தை விட்டுட்டு அதுக்கு மாறலாமா சார்?

மாறலாம். நீங்கள் ‘கம்பெனி மருந்து’ என்று வாங்குவதும் பெரும்பாலும் ஜெனரிக்தான், அதாவது காப்புரிமை முடிந்த மருந்தை மற்ற நிறுவனங்களும் தயாரித்து விற்பது. மெட்ஃபார்மினுக்குக் காப்புரிமை எல்லாம் என்றோ முடிந்துவிட்டது. அதே மருந்துக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள். கூடுதல் விலையில் ரெப் சம்பளமும் விளம்பரமும் அடக்கம். மாறிய பிறகும் வழக்கமான சுகர் டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

ஜெனரிக்ல 80 சதவீதம் மருந்துதான் இருக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

இந்த வதந்திக்கு வயதே ஆகாது போல. 80 என்பது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவு அல்ல. தன்னார்வலர்களுக்கு மூல மாத்திரை, ஜெனரிக் இரண்டையும் வேறு வேறு நாளில் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று ஒப்பிடுவார்கள். அந்த விகிதத்தின் 90% நம்பிக்கை இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) முழுவதும் 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் நடுவில் அடங்க வேண்டும். சராசரியே 80-ஐ ஒட்டி இருந்தால் இடைவெளியின் ஒரு முனை வெளியே போய்விடும்; மருந்து தேறாது. அமெரிக்காவில் 1996 முதல் 2007 வரை ஏற்கப்பட்ட ஜெனரிக்குகளின் 2,070 ஆய்வுகளைப் பார்த்தபோது, உடலில் சேர்ந்த அளவில் சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம்தான்.

நம் ஊரில் ஓட்டை வேறு இடத்தில். ஒரு மருந்து அறிமுகமாகி நான்கு ஆண்டு கடந்தால், இந்தச் சோதனை இல்லாமலே மாநில உரிமம் வாங்கிவிட முடிந்தது. நீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு அதைக் கட்டாயமாக்கியதே 2017-ல்தான். ஆனால் அந்த ஓட்டை வழியாகப் பெரிய பிராண்டுகளும்தான் வந்திருக்கின்றன.

தம்பிக்கு வலிப்பு. ஃபெனிட்டாயின் சாப்பிடுறான். மாத்தலாமா?

நன்றாக இருக்கிறான் என்றால் தொடாதீர்கள். ஃபெனிட்டாயின் அளவு கொஞ்சம் கூடினாலும் ரத்தத்தில் தாறுமாறாக ஏறும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டு மாத்திரை, சிறுநீரக மாற்று செய்தவர்களின் டாக்ரோலிமஸ் எல்லாமும் அளவு சற்று மாறினாலே சிக்கல் தரும் ரகம். ஜெனரிக்கோ பிராண்டோ, ஒரே தயாரிப்பில் நிலையாக இருங்கள். மாதாமாதம் மாற்றுவதுதான் ஆபத்து. மாற்றியே ஆகவேண்டுமானால் டாக்டரிடம் சொல்லி, ரத்தப் பரிசோதனையோடு மாற்றுங்கள். தைராய்டுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை.

கோல்ட்ரிஃப் விஷயத்துக்கு அப்புறம் மலிவான மருந்துன்னாலே பயமா இருக்குங்க.

பயம் நியாயம். 2025-ல் மத்தியப் பிரதேசக் குழந்தைகளைக் கொன்ற அந்த இருமல் சிரப், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்த மாதிரியில் 48.6% டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் இருந்தது. ஆனால் கோல்ட்ரிஃப் என்பதே பிராண்ட் பெயர்தானே? அங்கே தவறியது தொழிற்சாலைக் கண்காணிப்பு. அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் ஜெனரிக்குகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பேட்ச் வாரியாக லேபுக்கு அனுப்பித்தான் விநியோகிக்கிறது. தனியார் கடையில் நீங்கள் வாங்கும் அட்டைக்கு அப்படி ஒரு வடிகட்டி கிடையாது.

சீட்டுல எழுதின பிராண்டுக்குப் பதிலா மெடிக்கல்ல வேற கொடுக்கிறாங்களே?

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘ஷெட்யூல் ஹெச்’ மருந்துக்குச் சட்டப்படி கூடாது, உள்ளே அதே மருந்து இருந்தாலும். மலிவானது வேண்டுமென்றால் மருந்தின் மூலப்பெயரைச் சீட்டில் எழுதித் தரும்படி டாக்டரிடமே கேளுங்கள்.