கேளுங்கள், சொல்கிறோம்: கரண்ட் போனாலும் கெடாத மருந்து

போர்க்காலத்தில் திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் தடுப்பூசி மருந்து எப்படிக் கெடாமல் போய்ச் சேர்ந்தது? வெயில்தானே பெரிய எதிரி?
— தாதியர் பயிற்சி மாணவி, கிண்ணியா

வெயிலுக்கு எல்லாரும் பயப்படுவார்கள். பெட்டியை நிழலில் வைப்பார்கள். ஐஸுக்கு யாரும் பயப்படுவதில்லை. மருந்து சத்தமில்லாமல் பாழாவது அங்கேதான்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். முக்கூட்டு (டி.பி.டி.), ஏற்புவலி, ஹெபடைட்டிஸ் பி ஊசிகளில் அலுமினிய உப்பு கலந்திருக்கும். ஒருமுறை உறைந்தால் அது திரண்டுவிடும். உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடி வெள்ளையாகவே இருந்தாலும் வேலை செய்யாது. போலியோ சொட்டுமருந்து நேர்மாறு: உறைந்தால் பாதகமில்லை, சூடு பட்டால் போய்விடும். இரண்டும் ஒரே பெட்டியில் பயணம் செய்வதுதான் சிக்கல்.

தோளில் மாட்டும் பெட்டிக்குள் நான்கு ஐஸ் பொதிகள் வைப்பார்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு அடுக்கினால், ஓரத்தில் இருக்கும் குப்பிகள் உறைந்துவிடும். பொதியை வெளியே வைத்து, காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே அடுக்க வேண்டும். மணிக்கூட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

கிண்ணியாப் பாலம் 2009-இல் திறக்கும்வரை பாதைக்கு (ஆற்றைக் கடக்கும் மிதவைப் படகுக்கு) காத்திருப்பதே பெரும்பாடு, சோதனைச்சாவடி வேறு. ஒவ்வொரு முறை மூடியைத் திறந்து காட்டும்போதும் குளிர் வெளியேறும். தூளிலிருந்து கரைத்த சின்னமுத்து (தட்டம்மை), பி.சி.ஜி. (காசநோய்) தடுப்பு மருந்துகளை 6 மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிஞ்சியதை வீசிவிட வேண்டும், அதில் கிருமி வளரும். ஆகவே பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகே கரைக்க வேண்டும்.

அலுமினிய உப்பு கலந்த ஊசிமருந்து உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால், குலுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே கட்டியாக உறையவைத்து, உருகவிடுங்கள். அதையும் சந்தேகக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கி, மேசையில் அருகருகே வைத்து 30 நிமிடம் வரை கவனியுங்கள். சந்தேகக் குப்பியிலும் வண்டல் அதே வேகத்தில் அடியில் இறங்கினால், அதைப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொரு தவறு: நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கரண்ட் வந்ததும், 'சீக்கிரம் குளிரட்டும்' என்று பிரிட்ஜின் திருகியைக் கூட்டுவது. விடியும்போது எல்லாம் உறைந்திருக்கும். திருகியைத் தொடவே வேண்டாம்.

இடம்பெயர்ந்ததில் பிள்ளையின் கிளினிக் அட்டை தொலைந்தால், ஊசியை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
— ஒரு தாய், வெருகல்

போட்டதற்குப் பதிவு இருந்தால் வேண்டாம். எத்தனை மாதம் பிந்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலில் குடும்பநல மாதுவிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் கேளுங்கள், அங்கே பதிவேடு இருக்கும். பி.சி.ஜி.க்கு இடது மேற்கையில் தழும்பு இருக்கிறதா பாருங்கள். எதற்குமே பதிவில்லை என்றால், போடாததாகக் கொண்டு போடுவார்கள்; ஒரு தவணை கூடிப்போவதைவிடக் குறைவதே ஆபத்து. அட்டையை இன்றைக்கே கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

முகாமில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) கிடைக்காவிட்டால் வயிற்றோட்டத்துக்கு என்ன செய்வது?
— வாசகர், குச்சவெளி

ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கடையில் வாங்கிய ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலே நல்ல அளவுகோல். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து; கண்ணீரைவிட உவர்ப்பாக இருந்தால் வெளியே கொட்டிவிடுங்கள். 2 வயதுக்குக் கீழே ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் 50–100 மில்லிலீற்றர். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கரைத்த தண்ணீரை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கண் குழிந்தால், சிறுநீர் நின்றால், இரத்தம் போனால் வீட்டு வைத்தியம் போதாது.

பிரிட்ஜ் இல்லாமல் இன்சுலின் வைக்க முடியுமா?
— நீரிழிவு நோயாளி, சம்பூர்

பாவனையில் உள்ள குப்பியை 30 பாகைக்குக் கீழே வைத்தால் ஏறத்தாழ 4 வாரம் தாங்கும். பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி நனையுங்கள். ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். குப்பியைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைக்கலாம். தண்ணீர் ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஆகவே வறண்ட கச்சான் காற்றில் பானை நன்றாக வேலை செய்யும். மார்கழி மழையில் அவ்வளவாகக் குளிராது, ஆனால் அப்போது வெக்கையும் குறைவு. தடுப்பூசிக்கு இந்தப் பானை உதவாது, 8 பாகைக்கு இறங்காது.

ஐஸில் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். தெளிவான வகை கலங்கினாலோ, கலங்கல் வகை உருட்டிய பின்னும் கட்டிகட்டியாகக் கண்ணாடியில் ஒட்டினாலோ ஊசியில் ஏற்றாதீர்கள்.