பெரிய நிறுவனத்தில் எல்லோருடைய மெயிலையும் வேறு சர்வருக்கு மாற்ற வேண்டும். பகுதி பகுதியாகச் செய்யலாமா, ஒரே இரவிலா?

மெயில்களை முன்னாலேயே மெதுவாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். ஆட்களை மட்டும் ஒரே ராத்திரியில் மாற்றுங்கள். பட்டுத்தான் சொல்கிறேன்.

மண்டபத்தில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். மண்டபம், தொண்டி, தூத்துக்குடி, சென்னை என நாலு ஊரில் 640 மெயில் கணக்குகள். முதலில் தொண்டி ஆபீஸ் 40 பேரை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று வெளியுலகத்துக்குச் சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்ட். அது டொமைனுக்கு, அதாவது முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயருக்குத்தானே, ஆளுக்கு ஆள் வேறு வைக்க முடியாது. அதனால் வெளியிலிருந்து அவர்களுக்கு வரும் மெயிலைப் பழைய சர்வர் புதியதற்குத் தள்ளிவிடும்படி வைத்தேன். அது ஒழுங்காக நடந்தது. கோட்டை விட்டது எதிர்ப்பக்கம். புது சர்வரில் 640 கணக்கையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்திருந்தேன். தொண்டியிலிருந்து மண்டபத்துக்கு யாராவது மெயில் போட்டால், "இந்த ஆள் நம்மிடமே இருக்கிறாரே" என்று புது சர்வர் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மண்டபத்துக்காரர்கள் பார்ப்பதோ பழைய பெட்டி. மூன்று நாள் கழித்து, "ஏம்ப்பா, ஒரு மெயிலுக்குக்கூடப் பதில் போட மாட்டாங்களா?" என்று தொண்டி மேனேஜர் போனில் சத்தம் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

அதன்பிறகு மீன்பிடித் தடைக்காலத்தைப் பிடித்துக்கொண்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். நாட்டுப்படகு மீன் வரும் என்பதால் வேலை அடியோடு நிற்காது. ஆனாலும் நம்மைத் திட்டுவதற்கு ஆள் குறைவு. உங்கள் தொழிலிலும் அப்படி ஒரு மந்தமான காலம் இருக்கும், அதைத் தேடுங்கள்.

நகல் எடுக்க ஐமேப்சிங்க், ஒரு சர்வரிலுள்ள மெயிலை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் மென்பொருள். மறுபடி ஓட்டினால் புதிதாக வந்ததை மட்டும் எடுக்கும் என்பதால் மூன்று வாரம் தினமும் ராத்திரி ஓடவிட்டோம். பழைய சர்வரில் ஓடிய மென்பொருள் டவ்காட் என்பதால் மாஸ்டர் யூசர் என்ற பொதுச்சாவிக் கணக்கு ஒன்றை வைத்தே எல்லாப் பெட்டியையும் திறக்க முடிந்தது, ஒருவரிடமும் பாஸ்வேர்ட் கேட்கவில்லை. இரண்டு நாள் முன்பே எம்எக்ஸின் டிடிஎல்லை (பழைய விலாசத்தை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற கணக்கு) 300 விநாடிக்கு இறக்கி, எஸ்பிஎஃப் ரெக்கார்டில் (நம் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல்) புது சர்வரையும் சேர்த்துவிட்டு, மே மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எம்எக்ஸைப் புது சர்வருக்குத் திருப்பினோம்.

திங்கட்கிழமை டாக்குமென்டேஷன் அண்ணன் வந்து நின்றார். "தம்பி, என் மெயிலெல்லாம் எங்க?" புதுப் பெட்டியில் 11 மெயில்தான் இருந்தது. போய்ப் பார்த்தால் அவர் பாப்3-இல் இருக்கிறார், அதாவது மெயிலைத் தன் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடும் முறையில். பதினோரு வருட மெயில் முழுக்க அவர் மேஜைக்கு அடியில் இருக்கிற கம்ப்யூட்டரில், அவுட்லுக்கின் ஒரே பிஎஸ்டி ஃபைலில், கன்டெய்னர் நம்பர் வாரியாக ஃபோல்டர் போட்டு. சர்வரில் ஒன்றும் இல்லாததால் ஐமேப்சிங்க் எடுத்துவர ஒன்றும் இல்லை. கீபோர்டு ஓரமெல்லாம் உப்புக்காற்றில் பூத்துக் கிடந்த அந்த மிஷினில் ஹார்ட் டிஸ்க் மட்டும் எப்படியோ உயிரோடு இருந்தது. மாற்றுவதற்கு முன்பே சர்வர் லாக்கில், அதாவது யார் வந்து போனார்கள் என்ற பதிவில், பாப்3-க்கான 110, 995 போர்ட்டில் வருகிறவர்கள் யார் யார் என்று பார்த்து, அவர்கள் சீட்டுக்கு நேரில் போய்விடுங்கள். சர்க்குலரை யாரும் படிப்பதில்லை.

பழைய சர்வரை ஒரு மாதம் ஓடவிட்டேன். லாக்கில் இன்னும் யார் வந்து தட்டுகிறார்கள் என்று பார்த்தால் ஸ்கேனர் இரண்டு, அட்டெண்டன்ஸ் மிஷின் ஒன்று. அவற்றையும் மாற்றிவிட்டுத்தான் அணைத்தேன்.

லாக்கில் வராத ஒன்று இருந்தது. கோல்ட் ஸ்டோரேஜில் மைனஸ் 18-க்கு மேலே ஏறினால் மெயில் அனுப்பும் கருவி. அது கோளாறு வந்தால்தான் வாய் திறக்கும். அந்த ஒரு மாதமும் கோளாறே வரவில்லை. ஜூலையில் கச்சான் காற்று அடித்த ஒரு ராத்திரி கரண்ட் போனது, ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. இல்லாத சர்வருக்கு அது மெயில் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. வாட்ச்மேன் ஐயா டயலைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டபோது மைனஸ் 13.

மறுநாளே அந்தக் கருவியைப் புது சர்வருக்கு மாற்றி, தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பும்படி வைத்தேன். வராத அன்று போய்ப் பார்க்க வேண்டியதுதான்.